வளரும் பிள்ளைகள் வெயிட் தூக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் ஜிம்களில் பள்ளிப் பையன்கள் கூட்டம் கூடும். இப்போது பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். கூடவே அப்பா, அம்மா, சில சமயம் தாத்தாவும் வந்து சந்தேகம் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பயிற்சி சொல்லிக்கொடுப்பவன், மருத்துவன் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பையனுக்கு 12 வயசு. இப்பவே வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்னு எல்லாரும் சொல்றாங்களே?

நிற்காது. பிள்ளையின் உயரம் முக்கியமாகப் பெற்றோரின் உயரத்தைப் பொறுத்தது. அதற்கப்புறம் சாப்பாடு, தூக்கம், ஹார்மோன்கள், நீண்ட நாள் நோய்கள். ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, முறையாக எடைப் பயிற்சி செய்த பிள்ளைகளைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதனால் உயரம் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது.

அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவேற்றும் வேலை இருக்க வேண்டும் என்கிறது. சொல்லப்போனால் இன்றைய பிள்ளைகளுக்கு உடலை அசைக்கவே நேரமில்லை என்பதுதான் பெரிய கவலை.

அப்போ பளுதூக்குற வீரர்கள் எல்லாம் ஏன் குள்ளமா இருக்காங்க?

குள்ளமாக இருப்பவர்களுக்கு அந்த விளையாட்டு நன்றாக வருகிறது, அதனால் அவர்கள் அதில் நிலைக்கிறார்கள். பளுதூக்குதலில் எடைப்பிரிவு உண்டு. ஒரே எடையுள்ள இருவரில் உயரம் குறைந்தவருக்குப் பொதுவாகத் தசை தடிமன் அதிகம், எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, மேலே கொண்டுபோக வேண்டிய தூரமும் குறைவு. கூடைப்பந்து ஆடியதால் யாரும் ஆறரை அடி வளரவில்லை, ஆறரை அடி இருந்தவர்கள் கூடைப்பந்துக்கு வந்தார்கள். இதுவும் அப்படித்தான்.

துருக்கியின் பளுதூக்கும் வீரர் நயிம் சுலைமானொக்லு 147 செ.மீ. உயரம். அவரைக் காட்டித்தான் பலரும் பயமுறுத்துகிறார்கள். எடைக்கு உச்சவரம்பு இல்லாத பிரிவில் ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய ஜார்ஜியாவின் லாஷா தலாகாட்ஸே 197 செ.மீ. அவரும் பளுதூக்கித்தான் வளர்ந்தார்.

எலும்பு நுனியில வளர்ச்சித் தகடுன்னு ஒண்ணு இருக்காமே, அது நசுங்கிடாதா?

இருக்கிறது, அதைப் பற்றிய பயத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. கை, கால் போன்ற நீண்ட எலும்புகளின் முனையருகே குருத்தெலும்பாலான ஒரு பகுதி இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். பருவம் முடியும்போது அது கெட்டி எலும்பாகி மூடிக்கொள்ளும். பெண்களுக்குச் சுமார் 14, 15 வயதிலும் பையன்களுக்கு 16, 17 வயதிலும் பெரும்பாலும் மூடிவிடும். அதுவரை சுற்றியுள்ள எலும்பைவிட அது பலவீனமானதுதான்.

ஆனால் அதில் அடிபடுவது பெரும்பாலும் எதனால்? சைக்கிளிலிருந்து, மரத்திலிருந்து, மைதானத்தில் என்று கீழே விழுவதால். ஓடிக் குதித்து இறங்கும்போது காலில் ஏறும் விசை உடல் எடையைப்போலப் பல மடங்கு. அதை எந்தப் பெற்றோரும் தடுப்பதில்லை. எடைப் பயிற்சியில் வளர்ச்சித் தகடு முறிந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவான சம்பவங்களைப் பார்த்தால், தாங்க முடியாத எடை, தப்பான முறை, பக்கத்தில் ஆள் இல்லை என்ற மூன்றில் ஏதோ ஒன்று பெரும்பாலும் இருக்கும். முக்கியமாகத் தலைக்கு மேல் பெரிய எடையைத் தூக்க முயன்றபோது நடந்தவை.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

7, 8 வயதுக்கு முன் அவசரமே இல்லை. உடம்பைச் சமநிலையில் நிறுத்தும் பக்குவம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த வயதில்தான் வருகிறது. ஆனால் நான் வயதைவிட வேறு ஒன்றைத்தான் பார்ப்பேன்: "நிறுத்து" என்றால் பிள்ளை நிறுத்துகிறதா? அப்படி நிறுத்தாத பையனுக்கு 14 வயதானாலும் கையில் டம்பெல் கொடுக்க மாட்டேன்.

வெயிட் ட்ரெய்னிங், வெயிட்லிஃப்டிங், பாடி பில்டிங் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இதனால்தான் வருகிறது. தசைக்குப் பலம் சேர்க்க எதையாவது எதிர்த்துத் தள்ளுவது, இழுப்பது எல்லாம் எடைப் பயிற்சி. தண்டால், பஸ்கி, ரப்பர் பேண்ட், டம்பெல் எல்லாமே இதில் சேரும். வெயிட்லிஃப்டிங் என்பது ஸ்னாட்ச் (பாரை ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) என்ற இரண்டே தூக்குகள் கொண்ட ஒலிம்பிக் விளையாட்டு. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கியது இதில்தான். பவர்லிஃப்டிங்கில் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பாரைக் குனிந்து பிடித்துத் தூக்கி நிமிர்வது). பாடி பில்டிங் என்பது உடலமைப்பைக் காட்டும் போட்டி. அதற்காகக் கொழுப்பை வற்ற வைக்கும் உணவுமுறை வளரும் பிள்ளைக்கு ஆகவே ஆகாது.

சின்னப் பையனுக்கு மசில் வராதே, அப்புறம் எதுக்கு வெயிட்டு?

கை பெரிதாக ஊதாது, உண்மை. 1980களில் மருத்துவர்களே, ஆண் ஹார்மோன் ஊறாத வயதில் பயிற்சி செய்தும் பலம் கூடாது என்று நம்பினார்கள். பிறகு சோதித்துப் பார்த்தபோது எட்டு முதல் பன்னிரண்டு வாரப் பயிற்சியில் பலம் சுமார் 30 சதவீதம் கூடுவது தெரிந்தது. தசை பெருக்காமலே பலம் எப்படிக் கூடுகிறது? நரம்பு பழகுகிறது. இருக்கிற தசைநார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலை வாங்க மூளை கற்றுக்கொள்கிறது.

இதனால் ஓட்டமும் தாவலும் மேம்படும், விளையாட்டில் அடிபடுவது குறையும். எலும்பு அடர்த்தியாகவும் இந்த வயதுதான் நல்ல வயது. குண்டாக இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு லாபம் உண்டு. ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து கேலிக்கு ஆளாகும் பையன், டெட்லிஃப்டில் வகுப்பிலேயே முதலாவதாக வருவான். அதன்பிறகு அவனை யாரும் ஜிம்முக்குத் தள்ளிக்கொண்டுவர வேண்டியிருக்காது.

சரி, முதல் நாள் என்ன செய்யச் சொல்லணும்? எத்தனை கிலோ?

பூஜ்யம் கிலோ. கையில் ஒரு பிவிசி பைப் அல்லது துடைப்பக் கட்டை போதும். ஜிம்மில் இருக்கும் பெரிய ராடு, எடைத் தட்டு (ப்ளேட்) எதுவும் மாட்டாமலே 20 கிலோ. 35 கிலோ எடையுள்ள பையன் தோளில் அதை முதல் நாளே ஏற்றுவது அநியாயம்.

ஸ்குவாட்டை எடுத்துக்கொள்வோம். பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, கைகளை முன்னால் நீட்டி, பின்பக்கம் ஸ்டூலைத் தொட்டதும் எழுந்திருக்கச் சொல்லுங்கள். மூன்று இடங்களைக் கவனியுங்கள். குதிகால் தரையைவிட்டு எழும்புகிறதா, முழங்கால் இரண்டும் உள்பக்கம் ஒன்றையொன்று பார்த்து வளைகிறதா, முதுகு கூன் விழுகிறதா. பெண்பிள்ளைகளிடம் அந்த முழங்கால் வளைவு அதிகம் தெரியும். இந்த மூன்றும் சரியான பிறகு 3 அல்லது 4 கிலோ டம்பெல் ஒன்றை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துச் செய்யட்டும். எடை முன்னால் இருப்பதால் உடம்பு தானாகவே நிமிரும். நான் வாயால் விளக்கிப் புரியாத பல பிள்ளைகளுக்கு அந்த டம்பெல்தான் புரிய வைத்தது.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, குனிந்து தூக்குவது, வயிற்றையும் முதுகையும் இறுக்கி நிற்பது என்று ஐந்து வகை போதும். ஒவ்வொன்றிலும் ஒரு செட் அல்லது இரண்டு, செட்டுக்கு 8 முதல் 15 முறை. கடைசி இரண்டு முறையும் முதல் முறையைப்போலவே அழகாக வர வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வகுப்பில் 15 முறை சுத்தமாக வந்தால் 5 முதல் 10 சதவீதம் ஏற்றலாம். ஜிம்மில் யாரும் சீண்டாத ஒன்றேகால் கிலோ ப்ளேட்டுக்கு இங்கேதான் வேலை. ஆரம்பத்தில் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குவதும், தூக்கும்போது மூச்சை விட்டு இறக்கும்போது இழுப்பதும் பழக்கமாகிவிட வேண்டும்.

இதுக்கெல்லாம் ஜிம் எதுக்கு, வீட்டுலயே தண்டால் பஸ்கி போதாதா?

ஆரம்பத்தில் தாராளமாகப் போதும். ஆனால் "தண்டால்னா லேசு, வெயிட்டுன்னா ஆபத்து" என்ற நினைப்பு சரியில்லை. 60 கிலோ எடையுள்ள ஒரு பையன் தண்டால் எடுத்தால் அவன் உடல் எடையில் பாதிக்கு மேல் கைகள்மீது இருக்கும். 3 கிலோ டம்பெல்லைத் தள்ளுவது அதைவிட எவ்வளவோ சுலபம். தண்டால் வராத பிள்ளைக்கு டம்பெல்தான் நல்ல தொடக்கம். இல்லாவிட்டால் சுவரிலும், பிறகு மேசை விளிம்பிலும் கை ஊன்றித் தண்டால் எடுக்கலாம்.

பொண்ணு செஞ்சா உடம்பு ஆம்பளை மாதிரி முறுக்கேறிடுமா? பீரியட்ஸ் சமயத்துல செய்யலாமா?

ஏறாது. அதற்குத் தேவையான அளவு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பெண் உடம்பில் இல்லை. பலம் கூடும், நடையும் நிமிர்வும் மாறும். மாதவிடாய் நாள்களில் முடிந்தால் செய்யலாம், வலியோ சோர்வோ இருந்தால் விடலாம். அதில் தடையும் இல்லை, கட்டாயமும் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. பயிற்சியைக் கூட்டிக்கொண்டே சாப்பாட்டைக் குறைக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், சில மாதம் நின்றே போகும். "நல்லா ட்ரெய்னிங் பண்றா, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். உடம்புக்கு எரிபொருள் போதவில்லை என்று அர்த்தம், எலும்பும் பலவீனமாகும். மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

பையன் ஃபாஸ்ட் பவுலர். வெயிட் தூக்கினா வேகம் கூடுமா, தோள் இறுகிப்போயிடுமா?

மூட்டு முழுதாக அசையும்படி செய்தால் இறுகாது. வேகம் கூடக் கால், இடுப்பு, வயிற்றுப் பலம் உதவும். ஆனால் வளரும் வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கீழ் முதுகு எலும்பில் மெல்லிய விரிசல் வருவது அடிக்கடி நடப்பது. அதற்குக் காரணம் ஓயாத பந்துவீச்சு. காலையில் அகாடமி, மதியம் பள்ளி டீம், சாயங்காலம் தெரு மேட்ச் என்று ஓவர் ஓவராக வீசுபவனுக்கு மேலே டெட்லிஃப்டும் சேர்த்தால் முதுகு எதைத் தாங்கும்? முதலில் ஓவர்களைக் குறையுங்கள், அப்புறம் ஜிம்.

15 வயசுப் பையன். ஃபிரண்ட்ஸோட சேர்ந்து 'மேக்ஸ்' அடிச்சு வீடியோ போடுறான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையைச் சோதிப்பதுதான் மேக்ஸ். பல மாதம் முறையாகப் பழகி, பயிற்சியாளர் பக்கத்தில் நின்று, அளந்து அளந்து ஏற்றினால் வளரிளம் பருவத்தினரும் அதைப் பாதுகாப்பாகச் செய்யலாம் என்று பயிற்சி வல்லுநர்கள் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். குழந்தை மருத்துவர்கள் கொஞ்சம் கறார், வளர்ச்சி முடியும்வரை தள்ளிப்போடுவது நல்லது என்று வெகுகாலம் சொல்லிவந்தவர்கள். என் கட்சி நடுவில். போட்டிக்குப் போகாத பையன் மேக்ஸ் தெரிந்து என்ன செய்யப்போகிறான்? பத்து முறை தூக்கும் எடை கூடினாலே பலம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

செல்போன் கேமராவுக்காகத் தூக்கும்போது என்ன நடக்கும் தெரியுமா? நேற்று 60 தூக்கியவன் இன்று 80 மாட்டுவான், நண்பன் பிடிப்பதாகச் சொல்லி ஒரு கையில் போனை வைத்திருப்பான். பெஞ்ச் பிரஸில் பார் நெஞ்சிலோ கழுத்திலோ விழுந்தால் ஒரு கையால் தூக்கிவிட முடியாது. தனியாக இருக்கும்போது பெஞ்ச் பிரஸ் கிடையாது என்பதை வீட்டுச் சட்டமாகவே போட்டுவிடுங்கள்.

அடிபடுறதுன்னா எங்கே, எப்படி அடிபடும்?

அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளின் காயங்களில் மூன்றில் இரண்டு பங்கு கையிலும் காலிலும்தான். ப்ளேட் காலில் விழுந்தது, விரல் நடுவில் மாட்டியது, அவ்வளவுதான். வயது கூடக் கூடச் சுளுக்கும் தசைப்பிடிப்பும் அதிகமாகின்றன. எனவே செருப்போடு ஜிம்முக்குள் விடாதீர்கள், ஷூ வேண்டும். கழற்றிய ப்ளேட்டைச் சுவரில் சாய்க்காமல் ஸ்டாண்டில் மாட்டச் சொல்லுங்கள். வீட்டில் தம்பி தங்கை ஓடி விளையாடும் இடத்தில் டம்பெல் கிடக்கக் கூடாது.

உடம்பு வலிக்குதுன்னா நல்லதுன்னு சொல்றாங்க. எந்த வலி நல்லது?

மறுநாள் தசை கனத்து, இரண்டு மூன்று நாளில் தானாகப் போகும் வலி சாதாரணம். மூட்டின் மேலே ஒரே புள்ளியில் குத்தும் வலி, வீக்கம், நொண்டல், தூக்கத்தைக் கெடுக்கும் வலி, குனிந்து நிமிரும்போது இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் முதுகுவலி, இவற்றுக்கு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

10 முதல் 15 வயதில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முன்பக்கம் எலும்பு புடைத்து, தொட்டால் வலிக்கும். வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாவலும் அதிகமானால் வருவது. பயிற்சியைக் குறைத்தால் தணியும், வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் வலி போய்விடும். திடீரென்று உயரம் ஏறும் காலத்தில், அதாவது பெண்களுக்கு 12, பையன்களுக்கு 14 வயதை ஒட்டி, கைகால் நீளம் மாறிப் பிடி தப்பும். அந்தச் சில மாதங்களில் எடையைக் குறைத்து முறையைத் திருத்துவதுதான் புத்திசாலித்தனம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்க்கணுமா?

ஆரோக்கியமான பிள்ளைக்குக் கட்டாயம் இல்லை. இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், வலிப்பு, புற்றுநோய்க்கு மருந்து எடுத்த வரலாறு இருந்தால் கட்டாயம் கேளுங்கள். விளையாடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ இதயப் பரிசோதனை இல்லாமல் ஜிம் வாசல் மிதிக்க வேண்டாம்.

புரோட்டீன் பவுடர், க்ரியேட்டின் எல்லாம் வாங்கிக் கேக்கிறான். கொடுக்கலாமா?

பலம் கூட்ட ஜிம்காரர்கள் சாப்பிடும் பொடியான க்ரியேட்டின் 18 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. புரோட்டீன் பவுடர் விஷம் இல்லை, தேவையும் இல்லை. இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் பருப்பும் மீனும் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். சைவக்காரர்கள் தயிர், பனீர், கடலை, பயறு வகைகளைக் கூட்டிக்கொள்ளலாம். டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் மாதம் முழுக்க முட்டை வாங்கலாம்.

ஜிம் அண்ணன் ஒருத்தர் ஊசி போட்டா சீக்கிரம் ஏறும்கிறாராம்...

அந்த ஜிம்மிலிருந்து அன்றே பிள்ளையை வெளியே கூட்டி வாருங்கள். முதல் கேள்வியில் வெயிட் தூக்கினால் வளர்த்தி நிற்காது என்றேன். இந்த ஊசியால் நிற்கும். வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன் வகை ஸ்டீராய்டில் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுகிறது. அது வளர்ச்சித் தகட்டைச் சீக்கிரமே மூடிவிடும். கை பெருக்கும், உயரம் அதோடு சரி. விதைப்பை சுருங்குவது, மார்பு பெருப்பது, முகப்பரு, கல்லீரல், இதயம், மனநிலை என்று பட்டியல் நீளும்.

எங்க கடையில லீவு நாள்ல அரிசி மூட்டை தூக்குறான். அதுவே எக்சர்சைஸ்தானே?

இல்லை. பயிற்சியில் எடையை நாம் தேர்ந்தெடுக்கிறோம், களைத்தால் நிறுத்துகிறோம். கடையில் சிப்பம் 26 கிலோ என்றால் 26 கிலோதான், லாரி காலியாகும்வரை நிறுத்த முடியாது. மூட்டைக்குப் பிடி கிடையாது, பக்கவாட்டில் திரும்பித்தான் இறக்கியாக வேண்டும். முதுகுக்கு அதுதான் கேடு. 20 லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்கு ஏற்றுவதும் இதே ரகம். எப்போதாவது ஒன்றைத் தூக்க வேண்டியிருந்தால், உடம்போடு ஒட்டிப் பிடித்து, இடுப்பில் மடங்கி, காலால் எழ வேண்டும். தினசரி வேலையாக வேண்டாம். 14 வயதுக்குக் கீழ் வெளியாள் கடையில் வேலைக்கு வைப்பது சட்டப்படியே குற்றம்.

பள்ளிப் பைக்கும் அளவு உண்டு. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. ஜிம்முக்குப் பயப்படும் பெற்றோர் ஒருநாள் அந்தப் பையை நிறுத்துப் பார்க்கலாம்.

பொங்கலுக்கு ஊர்ல இளவட்டக்கல் தூக்குவாங்க. 16 வயசுப் பையன் இறங்கலாமா?

தென் மாவட்டத்துக்காரர்கள் கேட்கும் கேள்வி. எனக்கும் அந்தக் கல்மேல் ஆசை உண்டு. ஆனால் அது வழவழப்பான உருண்டை, கைக்குப் பிடி தராது. அதை முதலில் மடிக்கு ஏற்றி, பிறகு நெஞ்சுக்கு உருட்டி, அப்புறம் தோளைத் தாண்டிப் பின்னால் போட வேண்டும். முதல் கட்டத்தில் எல்லோருடைய முதுகும் வளைந்துதான் தீரும். மேலே மேக்ஸ் பற்றிச் சொன்னது அத்தனையும் இதற்கும் பொருந்தும், ஊரே கூடி நின்று உசுப்பேற்றுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில ஊர்களில் வெவ்வேறு எடையில் கற்கள் இருக்கும். சின்னக் கல்லில், திருவிழாவுக்குப் பல மாதம் முன்பே, தூக்கித் தேர்ந்தவர் ஒருவரிடம் பழகட்டும். அதற்கு முன் டெட்லிஃப்டில் முதுகு வளையாமல் ஓராண்டு பயிற்சி இருந்தால் நல்லது. பொங்கல் காலையில் நேராகக் கல்லிடம் போகிறவனைத் தடுத்துவிடுங்கள்.

நல்ல கோச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பயிற்சி நேரத்தில் போய் அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். அவர் பிள்ளைகளைப் பார்க்கிறாரா, போனைப் பார்க்கிறாரா? எடையைக் குறைக்கச் சொல்லும் பழக்கம் அவருக்கு இருக்கிறதா? தொடங்குபவர்கள் என்றால் ஒருவர் பத்துப் பேருக்கு மேல் கவனிக்க முடியாது. அவருடைய சொந்தக் கையின் சுற்றளவு இதில் சேர்த்தி இல்லை.

போட்டிக்கு அனுப்பணும்னு ஆசை. எத்தனை வயசுல? எடைப் பிரிவுக்காக வெயிட் குறைக்கச் சொல்றாங்களே?

சர்வதேசப் பளுதூக்குதலில் 13 முதல் 17 வயதுவரை யூத் பிரிவு. மிசோரமின் ஜெரெமி லால்ரின்னுங்கா 2018இல் பியூனஸ் அயர்ஸ் யூத் ஒலிம்பிக்கில் 62 கிலோ பிரிவில் மொத்தம் 274 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 15. அதற்குப் பின்னால் பல வருட முறையான பயிற்சி இருந்தது. ஜிம்மில் சேர்ந்த ஆறாவது மாதம் போட்டி என்றால் வேண்டாம்.

எடைக் குறைப்பில் மட்டும் நான் இறங்கி வருவதில்லை. தண்ணீரை நிறுத்துவது, ஸ்வெட்டர் போட்டு வெயிலில் ஓட விடுவது, எச்சில் துப்பச் சொல்வது, இவை வளரும் பிள்ளைக்கு ஆபத்து. நம் ஊர் வெயிலில் இன்னும் ஆபத்து. வளர்கிற பையன் கிலோ ஏறத்தான் செய்வான், அவன் மேல் பிரிவில் தூக்கட்டும். அங்கே பதக்கம் வராது என்று கோச் சொன்னால், அடுத்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.